உறையில் போட்டுக் கொடுத்த கேஸ்கட்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், திருவனந்தபுரத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதனால் கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கரமனையில். கணவருக்கு எர்ணாகுளத்தில் வேலை. சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு மாலை திரும்பிவிடுவார். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். வார நாட்களில் வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், அப்போது எழுபத்தெட்டு வயது. காலைக் காப்பி அவர்தான் போடுவார். மத்தியானத்துக்குப் புளிக்கறியோ தீயலோ அவரே வைத்துவிடுவார். நான் வைக்கும் தீயலில் தேங்காய் சரியாக வறுபடுவதில்லை என்பது என் மேல் அவருக்கு இருந்த நிரந்தரப் புகார்.

அந்த வருடம் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் செவ்வாயும் வெள்ளியும் கேசவதாசபுரம் தாண்டி ஒரு பிசியோதெரபி மையத்துக்கு அவரை நான் காரில் கூட்டிப்போவேன். காலை நீட்டி உட்கார வேண்டும் என்பதால் அவருக்குப் பின் சீட்டு. சாரல் பட்டால் இருமல் வரும் என்று கண்ணாடிகளை ஏற்றியே வைத்திருப்போம். தம்பானூரிலும் பாளையத்திலும் நின்று நின்று போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆகும்.

கார் பதினோரு வருடப் பழையது, பெட்ரோல் வண்டி. பிசியோதெரபி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, காலையில் வண்டியைக் கிளப்பியதும் அடியிலிருந்து புஸ் புஸ் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. வண்டி சூடானதும் குறைந்துவிடும். பைபாஸ் பக்கம் உள்ள ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். குளிரூட்டிய வரவேற்பறை, கையில் கணினிப் பலகையோடு ஒரு இளைஞர். நான் சத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "சார் வந்நில்லே மேடம்?" என்று கேட்டார். சார் வரவில்லை, வண்டி ஓட்டுவது நான்தான் என்றேன். பழைய வண்டி என்றால் சத்தம் இருக்கும் என்றார். நான் விடவில்லை. கடைசியில் புகைக்குழாயில் கேஸ்கட் போயிருக்கிறது, மாற்றிவிடலாம் என்றார். கூடவே உள்பக்கமும் கழுவித் தருவதாகச் சொன்னார்.

கேஸ்கட் என்பது பெரிய விஷயமில்லை. எஞ்சினிலிருந்து புகையைப் பின்னால் கொண்டுபோகும் குழாய் ஒரே துண்டு கிடையாது. இரண்டு மூன்று துண்டுகளைப் போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். இணைப்பில் உலோகமும் உலோகமும் நேராக உட்கார்ந்தால் இடைவெளி விழும். அந்த இடைவெளியை அடைக்க நடுவில் நசுங்கிக்கொடுக்கும் ஒரு வளையம் வைப்பார்கள், அதுதான். ஒருமுறை நசுங்கியது நசுங்கியதுதான். கழற்றினால் புதியது போட வேண்டும்.

எந்தப் பொருளை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குவது என் வழக்கம். இங்கேயும் கேட்டேன். மாலையில் வண்டியோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் வந்தது. உள்ளே கரி பிடித்த ஒரு வளையம். உறை மேல் என் வண்டி எண்கூட எழுதியிருந்தது. சத்தம் நின்றிருந்தது. அந்த உறையை ரசீதோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டேன். எனக்குப் பரம திருப்தி.

அதற்குப் பிறகு இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, பிசியோதெரபி மையத்தில் வயதைக் கேட்டபோது மாமா பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தார். அடுத்த முறை செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார். ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்து இறங்கியதும் எங்கள் வாசலைப் பார்த்து, "இது யாரு வீடு?" என்று கேட்டார். மழையில் குடையை அவர் பக்கம் சாய்த்து உள்ளே கூட்டிப்போனேன்.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். மாமாவுக்கென்று தனியாக ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், என்ன மறந்தார், எவ்வளவு நேரம் கழித்துத் தெளிந்தார். ஆறு வாரத்தில் பத்தொன்பது பதிவுகள். எனக்கும் அந்த நாட்களில் தலை கனத்துக்கொண்டு இருந்தது. ஐம்பத்தொரு வயது ஆகிறது, இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

நரம்பியல் மருத்துவரிடம் அந்த நோட்டின் நகலைக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பெடுத்து வரும் குடும்பத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு மாமாவிடம் ஒரு தாளைக் கொடுத்து கடிகாரம் வரையச் சொன்னார். ஊர் ஊராக நிலத்தை அளந்து வரைபடம் போட்ட மனிதர், பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தார். வீட்டில் எப்படி இருக்கிறார் என்று மருத்துவர் கேட்டார். வீட்டில் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறார் என்றேன். பழகிய இடத்தில் சமாளிப்பார்கள், வெளியே வந்தால்தான் தெரியும் என்றார். அந்த மருத்துவமனைக்கும் நாங்கள் ஐம்பது நிமிடம் காரில்தான் போயிருந்தோம்.

மறதி நோய் என்று எழுதினார். தனியாக வெளியே விடக் கூடாது, அடுப்புப் பக்கம் விடக் கூடாது என்று உத்தரவு. நான் வேலைக்குப் போகும்போது கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாமா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு காப்பி போடுகதுக்கும் எனக்கு உத்தரவு வேணுமா மக்ளே?" என்றார்.

நான் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாத்தனார் நாகர்கோவிலில் இருக்கிறாள். அவள்தான் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து வைத்தாள். நல்ல இடம், ஆனால் வெளிக்கதவு எப்போதும் பூட்டியிருக்கும். கணவர் தொலைபேசியில் சரி என்றார். நானும் சரி என்றேன். திங்கட்கிழமை காலை கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. மாமாவிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் கடைசி பிசியோதெரபி. திரும்பும்போது கரமனைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடையில் வண்டியின் அடி இடித்தது. உடனே லாரி மாதிரி உறுமல். பக்கத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்ன வொர்க்‌ஷாப் கண்ணில் பட்டது, திருப்பிவிட்டேன். அதை நடத்துகிறவர் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் பின் சீட்டைப் பார்த்தார்.

"எக்கா, பெரியவருக்கு மொகம் செவந்து கெடக்கே. சொகமில்லியா?"

மாமாவை வைத்துக்கொண்டே நான் சொன்னேன், அவருக்கு மறதி நோய், திங்கட்கிழமை ஒரு இல்லத்தில் சேர்க்கப்போகிறோம் என்று. கதவு திறந்திருந்தது. மாமாவுக்குக் கேட்டிருக்கும்.

மெக்கானிக் மாமாவைக் கைத்தாங்கலாக இறக்கி, கொட்டகை முகப்பில் காற்றோட்டமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். எதிர்க்கடையிலிருந்து பால் சேர்க்காத கட்டன் சாயா வரவழைத்துக் கொடுத்தார். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் போனார். வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்து, பின் இருக்கைக்கு முன்னால் இருந்த கால்மிதியைச் சுருட்டி எடுத்தார். தரையில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒரு ஓட்டை இருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாகக் கரி. அங்கே இருக்க வேண்டிய ரப்பர் மூடியைக் காணோம். உள்ளே கழுவுகிறவர்கள் தண்ணீர் வடிவதற்கு அதைக் கழற்றுவார்கள், திருப்பிப் போட மறந்திருக்கிறார்கள் என்றார். அந்த ஓட்டைக்கு நேர் கீழே, ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில்தான் புகைக்குழாயின் இணைப்பு.

"பொகை நேரா உள்ள ஏறுது. கண்ணாடியும் ஏத்தி வச்சா பின்ன எங்க போவும்? ஒங்களுக்குத் தலைவலி உண்டா எக்கா?"

உண்டு என்றேன்.

அந்தப் புகையில் உள்ள விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் கலந்தால் தலை சுற்றும், குழப்பம் வரும், அதிகமானால் உயிரே போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமில்லை. மூடிய காருக்குள் எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை வெட்டிக்கூட வைத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கேஸ்கட்டைத்தான் மாற்றியாகிவிட்டதே என்று அவரிடம் வாதாடினேன். அவர் இணைப்பின் போல்ட்டுகளைக் கழற்றி, குழாயைப் பிரித்து, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே இருந்தது ஓரம் பொடிந்துபோன பழைய வளையம். அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பசையைக் கனமாக அப்பியிருந்தார்கள். மேல்பக்கம் பசை வெடித்து ஒரு வாய் திறந்திருந்தது.

"இத மாத்தவே இல்ல. பேஸ்ட் தேச்சு விட்டிருக்கானுவ. ஒரு வாரமோ பத்து நாளோ சத்தம் வராது, அவ்வளவுதான்."

பிறகு சத்தம் லேசாகத் திரும்பி வந்திருந்தாலும், ஏற்றிய கண்ணாடியிலும் மழை இரைச்சலிலும் எனக்குக் கேட்கவில்லை. பழையதைக் கழற்றி உறையில் போட்டுக் கொடுத்தார்களே என்றேன். அதைக் கொண்டுவரச் சொன்னார். வீடு அங்கிருந்து பத்து நிமிடம். மாமாவை ஆட்டோவில் ஏற்றினேன். ஏறும்போது மாமா திரும்பி அந்த மெக்கானிக்கிடம், "தம்பி, காலண்டர்ல நேத்தைக்குள்ள தாளு கெடக்கு, கிழிக்கலியே" என்றார். பார்த்தேன். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் வியாழக்கிழமைதான் இருந்தது. திறந்த வெளியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

மாமாவை வீட்டில் விட்டுவிட்டு உறையோடு திரும்பி வந்தேன். மெக்கானிக் அந்த வளையத்தை எடுத்துக் குழாயின் முகத்தில் வைத்துப் பார்த்தார். எங்கள் குழாயில் போல்ட்டுக்கு இரண்டு துளை. அந்த வளையத்தில் மூன்று துளை. நடு ஓட்டையும் பெரியது. அது ஏதோ டீசல் வண்டியினுடையது என்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. இன்னொரு வண்டியின் கேஸ்கட் என் வண்டி எண் எழுதிய உறைக்குள் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"பழசு வேணும்னு ஒங்களப் போல சில ஆளு கேப்பாங்க இல்லியா. அவங்களுக்குக் குடுக்கதுக்குன்னே ஒரு பெட்டி வச்சிருப்பானுவ, அதுல கெடக்கத ஒண்ணு எடுத்துத் தருவானுவ."

என் வாழ்க்கையில் அதுவரை எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. வேலை செய்யாமல் விடுவது சோம்பேறித்தனம். ஆனால் ஒருத்தி கவனமாக இருப்பாள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்தக் கவனத்துக்கு ஏற்ற பொய்யைப் பெட்டியில் போட்டுத் தயாராக வைத்திருப்பதை என்னவென்று சொல்வது? அதனால் ஒரு மனிதரை நாங்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் அனுப்ப இருந்தோம்.

இப்போது சரி செய்ய வேண்டாம், குழாயை மட்டும் மாட்டிக் கொடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, வேறு யாரையும் ஏற்றாமல் போகச் சொன்னார். மழை உள்ளே அடிக்க அடிக்க பைபாஸுக்கு ஓட்டினேன். புடவை நனைந்து சொட்டிக்கொண்டு அந்த வரவேற்பறையில் போய் நின்றேன். அதே இளைஞர்தான் இருந்தார். அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"சார் வந்நில்லே மேடம்?"

மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்தார். மூன்று துளை வளையத்தை மேசையில் வைத்தேன், பக்கத்தில் ரசீதை வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்துவிட்டு, ஏதோ மாறிப்போயிருக்கும், பையன்கள் தவறு, இலவசமாகவே மாற்றித் தருகிறோம் என்றார். கூட ஒரு முறை இலவசமாகக் கழுவியும் தருகிறார்களாம். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் நான் பேச ஆரம்பித்தேன். மலையாளத்தில், குரலை உயர்த்தாமல் சொன்னேன். வண்டி அப்படியே இருக்கிறது, பின் சீட்டில் ஏறி உட்காருங்கள், கண்ணாடிகளை ஏற்றிவிடுகிறேன், கேசவதாசபுரம் வரை ஓட்டிக்கொண்டுபோகிறேன், அங்கே இறக்கிவிட்டு உங்கள் தாயார் பெயரைக் கேட்கிறேன், சொல்லுங்கள் என்றேன்.

வரவேற்பறையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஏறவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது, அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று. அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்றேன். அப்படி ஒரு பெட்டி இல்லை என்றார். புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே நான்கு பக்கம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. நுகர்வோர் மன்றத்தில் கொடுத்த மனு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடியும்வரை நடத்துவேன்.

திரும்பும் வழியில் ஆரியசாலையில் ஒரு பாகங்கள் கடையில் வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்லிப் புதிய கேஸ்கட், போல்ட், ரப்பர் மூடி எல்லாம் நானே வாங்கினேன். இரண்டு துளை இருக்கிறதா என்று கடையிலேயே எண்ணினேன். கொட்டகைக்கு வந்து, வேலை முடியும்வரை பக்கத்திலேயே குனிந்து நின்று பார்த்தேன். மெக்கானிக் முதலில் கம்பி பிரஷ்ஷால் இரண்டு குழாய் முகங்களிலும் இருந்த பழைய பசையையும் துருவையும் சுரண்டி எடுத்தார். பிறகு உப்புத்தாளால் தேய்த்து, விரல் நுனியால் சுற்றித் தடவிப் பார்த்தார். வளையத்தை வைத்து இரண்டு போல்ட்டையும் கையால் திருகினார். ஒரு பக்கத்தை முழுதாக முறுக்காமல், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினார். ஒரே பக்கம் இறுக்கினால் வளையம் சாய்ந்து நசுங்கிவிடுமாம். வண்டியைக் கிளப்பி, இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். பின்னால் புகை வரும் வாயை ஒரு கணம் துணியால் பொத்தச் சொன்னார். எங்கும் குமிழி வரவில்லை. சூடாறியதும் இன்னொரு முறை முறுக்கினார். மொத்தம் முக்கால் மணி நேர வேலை. இந்த முக்கால் மணி நேரத்தைத்தான் அந்தப் பெரிய இடத்தில் மிச்சம் பிடித்திருந்தார்கள்.

சனிக்கிழமை கணவரும் நாத்தனாரும் வந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார் அழுதாள். கணவர் இல்லத்துக்குத் தொலைபேசி செய்து வரவில்லை என்று சொன்னார். இரண்டு வாரம் கழித்து மாமாவை ஆட்டோவில் அதே மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மாமா கடிகாரம் வரைந்தார். கேட்காமலே அறுபது நிமிடக் கோடுகளையும் போட்டு, நொடி முள்ளையும் வைத்தார். புகைதான் காரணம் என்று இப்போது நிரூபிக்க முடியாது, அன்றே ரத்தம் எடுத்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஆனால் மறதி நோய் என்று முன்பு எழுதியதை அடித்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நியாயமாகக் கோபப்பட்டவள் என்ற நிம்மதியோடு இருந்திருப்பேன். அன்று வீட்டுக்கு வந்ததும் மாமா அந்த நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்தொன்பது பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். செருப்பு, வயது, யாரு வீடு, எல்லாம். படித்து முடித்து முதல் பக்கத்துக்கே திரும்பிப் போனார்.

"எல்லாம் எழுதியிருக்க. வண்டியில இருந்தா தல கெறங்குது, என்னய பஸ்ஸுல கொண்டு போன்னு மூணு தடவ சொன்னனே. அத எங்க எழுதியிருக்க?"

எழுதவில்லை. சொன்னார் என்பது நன்றாக நினைவிருக்கிறது. பிசியோதெரபியில் காலை மடக்கச் சொன்னால் வலிக்கும், அதைத் தட்டிக்கழிக்கச் சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். சாக்குகளை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். மருத்துவரிடம் நான் கொண்டுபோன குறிப்பில் அந்த ஒரு வரி இருந்திருந்தால், அவரே அன்றைக்குக் கேட்டிருக்கலாம்.

மாமா நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. "ரெகுலேட்டர எடு" என்று மட்டும் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். அவரே மாட்டி, தனக்கு மட்டும் ஒரு காப்பி போட்டுக்கொண்டார். எனக்கும் சேர்த்துப் போட மூன்று வாரம் ஆனது. என் காரில் இன்றுவரை ஏறவில்லை. எங்கே போனாலும் ஆட்டோதான். நான் கூப்பிடுவதும் இல்லை.

ஒரு பொய்யான வளையத்தை வண்டி எண் எழுதிய உறையில் போட்டுக் கொடுத்ததும் அப்படியே நம்பிவிட்டேன், பக்கத்தில் இருந்த மனிதர் மூன்று முறை தன் வாயால் சொன்னதை நம்பவில்லை; அந்த வொர்க்‌ஷாப்காரர்கள் மேல் உள்ள கோபம் என்றாவது ஒரு தீர்ப்போடு தீர்ந்துவிடலாம், என் மேல் உள்ளது தீராமல் இருந்தால்தான் இனி ஒருவர் சொல்வதை நான் சரியாகக் கேட்பேன் என்று தோன்றுகிறது.